பிறந்த ஊரில் ஒரு லாட்ஜ் அறை

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கேள்வி என்னவோ ஒரே வரிதான்: "ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் நானும் என் தாயாரும் தங்குவதற்கு, அதிகச் செலவில்லாத லாட்ஜை எப்படித் தேர்ந்தெடுப்பது?" மீதி மூன்றே முக்கால் பக்கமும் தாயாரைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. பிறந்து வளர்ந்தது ரிஷிவந்தியத்தில். பாட்டனார் காலத்து வீட்டை மாமாக்கள் விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. அர்த்தநாரீசுவரருக்கு ஒரு தேன் அபிஷேகம் செய்ய வேண்டுமென்று அம்மாவுக்கு வெகு நாளாக ஆசை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது. ஆகவே அம்மாவும் பெண்ணும் மட்டும் போவதாக ஏற்பாடு. எல்லாம் சரியாக வந்து, லாட்ஜ் என்ற பேச்சை எடுத்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டாராம். "பொறந்த ஊருக்குப் போயி காசு குடுத்துப் படுக்கணுமா? அதுக்கு நான் வராமலே இருந்துக்கறேன்."

சகோதரி, லாட்ஜ் எது என்பதற்குப் பதில் சொல்லிவிடலாம். அம்மாவின் வார்த்தைக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். முதலில் சுலபமானதைப் பார்ப்போம்.

ஊரை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரிஷிவந்தியம் திருக்கோவிலூருக்கும் தியாகதுருகத்துக்கும் நடுவே இருக்கிறது. முன்பு விழுப்புரம் ஜில்லா. 2019 நவம்பரிலிருந்து புதிய கள்ளக்குறிச்சி மாவட்டம். ரிஷிகள் வந்தித்த தலம் என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். அம்பாளுக்கு முத்தாம்பிகை என்று திருநாமம். லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது அதில் அம்பிகையின் உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதைக் காணத்தான் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். மேற்கே கல்வராயன் மலை. தேன் என்றாலே அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மலைத்தேன் நினைவுதான் வரும்.

தங்குவதற்கு மூன்று ஊர்களை யோசிக்கலாம். ஒன்று திருக்கோவிலூர். இரண்டாவது கள்ளக்குறிச்சி. இரண்டுமே ரிஷிவந்தியத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். மூன்றாவது திருவண்ணாமலை. அங்கே அறைகள் ஏராளம். ஆனால் அங்கிருந்து திருக்கோவிலூர் வருவதற்கே நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. முழங்கால் வலிக்காரரை அவ்வளவு தூரம் காரில் மடக்கி உட்கார வைத்துக் காலையில் அபிஷேகத்துக்கு அழைத்து வருவது தர்மமல்ல. அப்படியும் திருவண்ணாமலைதான் என்றால் காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். கிரிவல நாளில் அறையும் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை வேறு மாதிரி இருக்கும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

திருக்கோவிலூர் என்றதும் எனக்கு ஓர் அறையின் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டிலேயே புகழ் பெற்ற 'சின்ன ரூம்' அதுதான். மழை கொட்டும் இரவில் பொய்கையாழ்வார் அந்த ஊரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்ற அளவு இடம். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாமே என்று உள்ளே அழைத்தார். பிறகு பேயாழ்வார் வந்தார். இருவர் உட்காருகிற இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றார்கள். அப்புறம் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார்; அவர் பெருமாளே என்று தெரிந்தது. மூன்று திருவந்தாதிகளும் அந்த நெருக்கடியில் பிறந்தவை என்று வைணவர்கள் சொல்வார்கள். இன்றும் அங்கே உலகளந்த பெருமாள் காலைத் தூக்கியபடி நிற்கிறார்.

ஆழ்வார்களுக்குச் சரி. நம் லாட்ஜ்களிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம். 'மூன்று பேர் அறை' என்றால் பெரும்பாலும் இருவர் படுக்கிற கட்டில் ஒன்று, அதோடு ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன் கொண்டுவந்து தரையில் போடும் மெத்தை ஒன்று. அந்த மெத்தை விரித்தபின் குளியலறைக் கதவு திறக்குமா என்பதை யாரும் சொல்வதில்லை. நீங்கள் இருவர்தானே, கவலையில்லை. ஆனால் கட்டில் ஒன்றா, தனித்தனியாக இரண்டா என்று கேளுங்கள். வயதானவர்கள் ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணை எழுப்பிவிடுவோமோ என்று பயந்து எழாமலே கிடப்பார்கள்.

இந்த விஷயத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் என் அத்தையை ஒரு க்ஷேத்திரத்துக்கு அழைத்துப் போனேன். என் அண்ணன் கைப்பேசியில் படம் பார்த்து அறை பதிவு செய்து கொடுத்தான். படத்தில் வெள்ளை விரிப்பு, பூ ஜாடி, திரைச்சீலை எல்லாம் இருந்தன. போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குளியலறைக்குள் அரையடி கீழே இறங்க வேண்டும். தரை எப்போதும் ஈரம். கழிப்பறை குந்தி உட்காருகிற பழைய மாதிரி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாத்தாண்டி இருக்கு, காத்து வருது" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் அத்தை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண் சொருகிவிட்டது. ஓடிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் நாடியைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?" அத்தை என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. "அந்தக் கழிப்பறைக்குப் பயந்துதாண்டி குடிக்கல" என்றார். முந்தின ராத்திரியிலிருந்தே குடிக்கவில்லையாம்.

படித்தவள், ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிறவள் நான். அறை வாடகையில் இருநூறு ரூபாய் மிச்சமென்று சந்தோஷப்பட்டேனே தவிர, இது எனக்குத் தோன்றவில்லை. பிரயாணத்தில் நம் வீட்டுப் பெரிய பெண்மணிகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது புதிதல்ல. நம் அம்மாக்கள் எல்லாருமே பஸ்ஸிலும் ரயிலிலும் இப்படித்தான் வந்திருக்கிறார்கள். வெயில் நாளில் எழுபது வயதுக்கு மேல் அது விளையாட்டல்ல. மயக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர்த் தொற்று வரும். ஆகவே லாட்ஜ் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது குளியலறையை. பிறகுதான் கட்டில், ஜன்னல், வாடகை எல்லாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? வீட்டிலிருந்தபடியே டெலிபோனில்தான். ஆனால் நீங்களே பேசுங்கள். வீட்டு ஆண்களிடம் விட்டால், "டபுள் ரூம் இருக்கா, எவ்வளவு?" என்று இரண்டு கேள்வியோடு முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த அறையில் துணி அலசப் போவதும், அம்மாவைக் கைபிடித்துக் குளிக்க வைக்கப் போவதும் அவர்கள் அல்லவே!

இன்னொன்று. "வசதியெல்லாம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "எல்லா வசதியும் இருக்கு மேடம்" என்று உலகத்தில் எந்த லாட்ஜ் மானேஜரும் சொல்லிவிடுவார். 'இருக்கு' என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். கீழ்த்தளத்தில் எத்தனை அறை? தெருவிலிருந்து அறை வரைக்கும் எத்தனை படி? குளியலறைக்குள் இறங்கவேண்டுமா, ஏறவேண்டுமா, எவ்வளவு உயரம்? வெஸ்டர்ன் கழிப்பறையா, இந்தியனா? வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? ஜன்னல் தெருப் பக்கமா, பின் பக்கமா? இவற்றுக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். "கொஞ்சம் இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று ஒருவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாரானால், அந்த லாட்ஜிலேயே பதிவு செய்துவிடுங்கள் என்பேன். நாளைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர் வேண்டுமென்றாலும் அவர் எழுந்து போவார்.

குளியலறையில் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். வாசலில் காவல்காரர் உட்காருகிற நாற்காலியே போதும். முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தபடி குளிப்பதற்கு அதைவிடப் பெரிய சௌகரியம் கிடையாது.

சித்திரை, வைகாசியில் போவதாக இருந்தால் மொட்டைமாடிக்கு அடுத்த கீழ் மாடி வேண்டாம். பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் ராத்திரி முழுவதும் அதை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். கீழ்த்தளம் அல்லது முதல் மாடி கிடைத்தால் ஏ.ஸி. இல்லாமலே சமாளிக்கலாம். அந்தப் பணத்தில் இன்னோர் இரவு கூடத் தங்கிவிடுங்கள். ஆமாம், இரண்டு இரவாகவே திட்டமிடுங்கள். முதல் நாள் போய்ச் சேருகிறோம், மறுநாள் காலை அபிஷேகம். அன்று மத்தியானமே மூட்டை கட்டிக்கொண்டு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் திரும்புவதென்றால், அம்மாவுக்கு ஊரைப் பார்த்ததாகவே இருக்காது.

வாடகைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில லாட்ஜ்களில் வந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம் ஒரு நாள். சிலவற்றில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் அறை. மறுநாள் பதினொன்றுக்கே காலி செய்ய வேண்டும். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இறங்கினால், இரண்டாவது வகையில் ஏழு மணி நேரம் வரவேற்பறை சோபாவில்தான். முன்னதாகவே கேட்டுக்கொண்டால் பகல் பஸ்ஸில் கிளம்பலாம். பஸ் என்றால் இப்போது கோயம்பேடு அல்ல. தென் மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்குப் போய்விட்டன. கள்ளக்குறிச்சிக்கு, உளுந்தூர்பேட்டை வழியாகச் சேலம் போகும் பஸ்ஸும் உதவும். ரயில்தான் அம்மாவுக்கு நல்லதென்றால் விழுப்புரம் வரை ரயில், பிறகு கார். ரயிலில் கழிப்பறை இருக்கிறது, பஸ்ஸில் இல்லை. இதுவும் கணக்கில் சேரட்டும்.

வரி விஷயம் ஒரு வரி. நாளைக்கு ரூ.7,500 வரை வாடகையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 5தான், முன்பு 12 இருந்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய் அறைக்கு அறுபது ரூபாய். பழைய கணக்கில் பில் போட்டால் மரியாதையாகச் சுட்டிக் காட்டுங்கள்.

திருக்கோவிலூரா, கள்ளக்குறிச்சியா என்று இன்னும் நான் சொல்லவில்லை. திருக்கோவிலூரில் பெருமாளும் வீரட்டானேசுவரரும் பெண்ணையாறும் இருக்கிறார்கள். சாயங்காலம் போக இடமுண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர். மருந்துக்கும் டாக்டருக்கும் அலைய வேண்டாம். ஆனால் சேலம் நெடுஞ்சாலை ஊர். பஸ் நிலையத்தை ஒட்டிய லாட்ஜில் படுத்தால் ராத்திரி முழுக்க ஹாரன்தான். ஊரை முதலில் தீர்மானித்துக்கொண்டு அறை தேடாதீர்கள் என்பது என் கட்சி. இரண்டு ஊரிலும் போன் செய்யுங்கள். கீழ்த்தளத்தில், படியில்லாத குளியலறையோடு எங்கே அறை கிடைக்கிறதோ அதுவே உங்கள் ஊர். இரண்டிலும் கிடைத்தால் நான் திருக்கோவிலூருக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

"இரண்டு பெண்கள் தனியாகப் போனால் அறை தருவார்களா?" என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆண் துணையில்லாமல் பெண்களுக்கு அறை தரக்கூடாதென்று சட்டம் எதுவும் இல்லை. வேண்டியதெல்லாம் இருவருக்கும் ஆளுக்கொரு அடையாள அட்டை. ஆதார்தான் கேட்கிறார்கள் என்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரைப் பதிவிறக்கம் செய்துகொண்டு போகலாம். அறைக்குள் போனதும் சாமானை வைப்பதற்கு முன் கதவின் உள் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பாருங்கள். ஜன்னல் கொக்கியையும் பாருங்கள். சரியில்லை என்றால் வேறு அறை கேளுங்கள். கூசவேண்டாம், பணம் கொடுக்கிறோம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இரண்டும் கைப்பேசியில் இருக்கட்டும்.

சமையலறையை மூட்டை கட்டாதீர்கள். முதல் நாள் மத்தியானத்துக்குப் புளிசாதமும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். இண்டக்ஷன் அடுப்பை எடுத்துப்போய் லாட்ஜ்காரரிடம் பேச்சு வாங்க வேண்டாம். வருஷத்தில் இரண்டு நாள் அடுப்பைப் பார்க்காமல் இருந்தால் உங்களுக்கும் நல்லது. மற்றபடி வழுக்காத ரப்பர் செருப்பு, அம்மா வழக்கமாகப் போர்த்துகிற போர்வை, ராத்திரிக்கு ஒரு டார்ச் லைட். தெரியாத அறையில் ஸ்விட்ச் எங்கே என்று தடவுகையில்தான் பெரியவர்கள் விழுகிறார்கள்.

இனி அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன்.

ஊரில் ஒன்றுவிட்ட தம்பி குடும்பம் இருக்கிறது, "அக்கா வந்தா இங்கேதான் தங்கணும்" என்கிறார்கள், ஆனால் அங்கே கழிப்பறை கொல்லைக் கோடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். லாட்ஜில் தங்கினால் அவர்களுக்கு மனத்தாங்கல். அங்கே தங்கினால் அம்மாவுக்குக் கஷ்டம். அம்மாவின் கோபமோ இரண்டைப் பற்றியும் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. வீடு போய்விட்டது என்பதை மாமாக்கள் பத்திரம் எழுதிய நாளில் அவர் கேள்விப்பட்டார், அவ்வளவுதான். மாம்பலத்தில் இருக்கிற வரைக்கும் அவர் மனசில் அந்த வீடு இருந்துகொண்டே இருந்தது. லாட்ஜ் ரசீதில் பேர் எழுதுகிற நிமிஷத்தில்தான் அது நிஜமாகவே போகும். அதனால், 'இப்போ யாரம்மா இதெல்லாம் பார்க்கறாங்க' என்று சமாதானம் சொல்லிவிடாதீர்கள். பேசட்டும். வீடு எப்படி இருந்தது, கிணறு எங்கே, தேர் எந்தத் தெரு வழியாக வரும் என்று கேளுங்கள். ஒரு சாயங்காலம் முழுவதும் கேளுங்கள்.

தம்பி வீட்டுக்கு இப்போதே, போவதற்கு முன்பே, அம்மா வாயாலேயே போன் செய்யச் சொல்லுங்கள். "முட்டிவலிடா தம்பி, கொல்லைக்கு நடக்க முடியல, ராத்திரிப் படுக்கைக்கு மட்டும் திருக்கோவிலூர். அபிஷேகம் முடிஞ்சு உங்க வீட்லதான் சாப்பாடு." காரணத்தை முன்கூட்டியே சொன்னால் கோபித்துக்கொள்கிற உறவுக்காரர்கள் குறைவு. வந்து போன பிறகு கேள்விப்பட்டால்தான் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கைத்துணியும் பழமும் எடுத்துப் போங்கள். அபிஷேகத் தேன் பிரசாதத்தில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அபிஷேகத்துக்கு நேரமும், என்ன கொண்டுவர வேண்டும் என்பதும் கோயிலில் கேட்டு வைப்பதைத் தம்பியிடமே ஒப்படைக்கலாம். பொறுப்பு கொடுத்தால் அவருக்கும் மனசு ஆறும்.

விற்ற வீட்டு வாசலுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அம்மாவின் இஷ்டம். நீங்களாகச் சொல்ல வேண்டாம். காரை அந்தத் தெரு வழியாக மெதுவாக விடச் சொல்லுங்கள். நிறுத்து என்று அவர் சொன்னால் நிறுத்துங்கள். கார்க்காரரிடம் அரை நாள் வாடகையாக, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் மணியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

போய் வந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். எந்த மாடியில் அறை கிடைத்தது, குளியலறையில் படி இருந்ததா, பிளாஸ்டிக் நாற்காலி கேட்டதும் கொடுத்தார்களா என்று. முட்டிவலிக்கார அம்மாவோடு அந்தப் பக்கம் போகிற அடுத்த சகோதரிக்குச் சொல்ல வேண்டும்.